சித்தப்பாவுக்கு ரங்கூன் தெரியும்

பிப்ரவரி 5, 2019, செவ்வாய்

இந்தியர்கள் மியான்மரில் இறங்கிய இடத்திலேயே விசா வாங்கிக்கொள்ளலாம் என்று போன டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அதைப் பேப்பரில் பார்த்த அன்றைக்கே வியாசர்பாடியிலிருந்து சித்தப்பா போன் போட்டார். "ரெண்டு டிக்கெட் போடும்மா. கைடு கிய்டெல்லாம் வேணாம். நான் இருக்கேன்ல."

சித்தப்பா பிறந்தது ரங்கூனில், மியான்மர் பர்மாவாக இருந்தபோது. 1964இல் நெ வின்னின் ராணுவ அரசாங்கம் கடைகளை நாட்டுடைமை ஆக்கி, 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாதென்று சொன்னதில் தாத்தாவின் பலசரக்குக் கடையும் கல்லாப்பெட்டியும் ஒரே வருஷத்தில் காலி. அடுத்த வருஷம் கப்பல் ஏறிவிட்டார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும்போது இவருக்குப் பன்னிரண்டு வயது. அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் "ரங்கூன்ல பாத்தியன்னா" என்றுதான் ஆரம்பிப்பார். கொத்தமல்லி வாங்கினாலும் ரங்கூன், மழை பெய்தாலும் ரங்கூன்.

இன்று விமான நிலையத்தில் அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். பிறந்த ஊர் ரங்கூன் என்று பார்த்ததும் முகம் மலர்ந்து பர்மியில் ஏதோ கேட்டான். இதற்காகத்தானே சித்தப்பா வந்திருக்கிறார்? மடமடவென்று பொரிந்து தள்ளினார். நான் பெருமையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று வாக்கியம் போவதற்குள் பையனின் சிரிப்பு மறைந்துவிட்டது. பக்கத்துக் கவுன்ட்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பையன் முத்திரையைக் குத்தி, எங்கள் முகத்தைப் பார்க்காமலே பாஸ்போர்ட்டைத் தள்ளினான்.

"என்ன கேட்டான் சித்தப்பா?"

"எந்தத் தெருன்னு கேட்டான். சொன்னேன்."

டாக்ஸியிலும் இதே கதை. சித்தப்பா பேசப் பேச டிரைவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அப்புறம் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார். டல்ஹௌசி ஸ்ட்ரீட், பிரேசர் ஸ்ட்ரீட் என்று இவர் சொன்ன எதுவும் அந்த ஆளுக்குப் பிடிபடவில்லை. டல்ஹௌசி இப்போது மகா பந்துலா சாலை, பிரேசர் இப்போது அனவ்ரத்தா சாலை. என் போனில் வரைபடத்தைக் காட்டித்தான் போய்ச் சேர்ந்தோம். இன்று சீனப் புத்தாண்டு வேறு. சிங்க ஆட்டக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது.

இறங்கும்போது ஒரு கண்டம். இவர் விட்டுப் போன காலத்தில் இங்கே நம் ஊரில் போலவே இடப்பக்கம்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1970 டிசம்பரில் அரசு ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டது. ஆனால் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள், ஸ்டியரிங் வலப்பக்கமே. அதனால் முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தவர் கதவைத் திறந்தால் நடு ரோட்டில் காலை வைக்கிறார். சித்தப்பா வைத்தார். பஸ் ஒன்று உரசாத குறையாகப் போயிற்று. ரங்கூன் நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் பிழைத்தார் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 6, புதன்

காலையில் பணம் மாற்றப் போனோம். சித்தப்பா டாலரை நாலாக மடித்துச் சட்டை உள்பையில் வைத்திருந்தார். கடைக்காரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடிப்பை நகத்தால் தடவிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டாள். இந்த ஊரில் டாலர் என்றால் சலவை நோட்டாக இருக்க வேண்டும். மடிப்பு, கறை, பேனாக் கோடு எதுவும் ஆகாது. என் கையில் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்த நோட்டுகள் இருந்தன, அவை செல்லுபடியாயின. கியாட் நோட்டுகளோ கசங்கிக் கந்தலாக எத்தனை வந்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பிறகு டீக்கடை. குட்டை ஸ்டூல், மேஜையில் ஓசியாகக் குடிக்கப் பச்சைத்தேயிலைத் தண்ணீர், கிண்ணத் தண்ணீரில் மிதக்கும் சின்னக் கோப்பைகள். உட்கார்ந்ததும் கேட்காமலே சமூசா, எண்ணெயில் பொரித்த நீளமான சீன ரொட்டி, ஆவியில் வெந்த பன் என்று தட்டு தட்டாகக் கொண்டுவந்து அடுக்கினார்கள். "எல்லாம் ஓசிதான், சாப்பிடு. ரங்கூன்ல விருந்தாளின்னா அப்படி" என்றார் சித்தப்பா.

சமூசாவைக் கடிக்கும்போது எனக்குப் பின்னால் முத்தம் கொடுக்கிற சத்தம் கேட்டது. நல்ல ஈரமான முத்தம். ஒன்று, இரண்டு. பிராட்வே பஸ் ஸ்டாண்டில் இருபது வருஷம் நின்ற எவளுக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். செருப்பைக் கழற்றாத குறையாகத் திரும்பி முறைத்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர், கட்டம் போட்ட கைலி, மடியில் ஆபீஸ் பை. மிரண்டுபோய் என்னையும் எனக்குப் பின்னாலும் பார்த்தார். எனக்குப் பின்னாலிருந்து கெண்டியோடு ஓடிவந்தான் டீக்கடைப் பையன். அடுத்த மேஜையிலும் முத்தம். மூலையில் இருந்த கிழவரும் முத்தம். கடை முழுக்க ஆம்பளைகள் உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"பையனைக் கூப்பிடறாங்கம்மா" என்றார் சித்தப்பா.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"மறந்தே போச்சு."

இவரும் உதட்டைக் குவித்துப் பார்த்தார். பல்செட் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் நான் கையைத் தூக்கிக் கூப்பிட, பையன் வந்து காலியான தட்டுகளை எண்ணிக் கணக்குச் சொன்னான். தொடாத தட்டுக்குக் காசில்லை, தொட்டதற்கு உண்டு. சித்தப்பா எதையும் விட்டுவைத்திருக்கவில்லை.

மத்தியானம் அத்தையைத் தேடிப் போனோம். சித்தப்பாவின் பெரியப்பா மகள், இங்கேயே கல்யாணம் ஆகித் தங்கிவிட்டவர். தெருவும் வீட்டு எண்ணும் கையில் இருந்தன. ஆனால் அந்த எண்ணில் ஆறு மாடி. அத்தையின் பெயரைச் சொல்லிக் கீழே பழக்கடை, வெற்றிலைக்கடை, சைக்கிள்ரிக்‌ஷாக்காரர் என்று எல்லோரையும் கேட்டாயிற்று. அப்படி யாரும் இல்லை என்றார்கள். இங்குள்ள தமிழர் பலருக்கு வீட்டுக்கு ஒரு பெயர், வெளியே ஒரு பர்மியப் பெயர். தெருவுக்கு அத்தை வேறு ஆள்.

ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கியது, நுனியில் கிளிப். மேலே மணி கட்டியிருக்கும். பேப்பர் போடுகிறவன் கிளிப்பில் மாட்டிவிட்டு இழுத்தால் மேலே இருப்பவர்கள் தூக்கிக்கொள்வார்கள். சித்தப்பா அதில் ஒன்றைப் பிடித்து இழுத்தார். மேலிருந்து ஒரு கை எட்டிப் பார்க்காமலே சாவியை இறக்கியது. வேறு யாரையோ எதிர்பார்த்த வீடு. சாவியைத் திருப்பி அனுப்ப நாங்கள் பட்ட பாட்டில் தெருவே கூடிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நாலாவது மாடி ஜன்னல் திறந்தது.

"யாரது? தம்பியா?"

அத்தையே.

பிப்ரவரி 7, வியாழன்

இன்று அத்தை வீட்டில் சாப்பாடு. நேற்று அழுது முடித்துவிட்டார்கள், அதனால் இன்று சிரிப்பும் சண்டையும்தான்.

பருப்புக் குழம்பு, மீன் வறுவல், வாழைத்தண்டு, ஒரு கிண்ணத்தில் ஙாப்பி என்கிற மீன் விழுது, சுற்றிலும் பச்சைக் காய்கள். ஙாப்பி வாசனைக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். சென்னையிலிருந்து வாங்கி வந்த பட்டுப் புடவையை அத்தை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, அலமாரி மேலே வைத்துவிட்டு உலை பார்க்கப் போய்விட்டார். பிரிக்கவில்லை. சித்தப்பா முகம் தொங்கிப்போயிற்று. நான் தேடித் தேடி எடுத்த அரக்கு வண்ணம், எனக்கும்தான் சங்கடம். கொடுத்தவர் கண்ணெதிரே பிரித்தால் ஆசைக்கு அலைகிற மாதிரி ஆகிவிடுமாம். அத்தையின் பேரன் சொன்னான்.

பதினாறு வயது. தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறும். ஆனால் அவனிடமிருந்துதான் விமான நிலையத்து மர்மம் துலங்கிற்று. சாப்பாட்டின்போது சித்தப்பா அவனிடம் பர்மியில் ஏதோ கேட்க, அவன் சோற்றைத் துப்பாத குறையாகச் சிரித்தான். அத்தை அதட்டியும் நிற்கவில்லை.

"தாத்தா பேசறது... தெருவுல கோலி விளையாடுற பசங்க பேசற பேச்சு."

பன்னிரண்டு வயதில் நின்றுபோன பர்மி. அதில் பெரியவர்களுக்கான சொற்களே இல்லை. சேக்காளிப் பையன்களோடு பேசின 'நீ', 'நான்' எல்லாம் அப்படியே இருக்கின்றன. அறுபத்தாறு வயது மனிதர் சீருடை போட்ட அதிகாரியைப் பார்த்து, "டேய், எங்க தெரு உனக்குத் தெரியுமாடா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இங்க இருந்தேன்டா" என்று சொல்லியிருக்கிறார். அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சித்தப்பா எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அத்தைதான் பேச்சை எடுத்தார்.

"வெள்ளக்காரன் இதே தப்பைப் பண்ணுனா சிரிச்சிட்டு விட்ருவாங்க தம்பி. பாவம், ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டு வந்திருக்கான்னு கைகூடத் தட்டுவாங்க. நம்ம மூஞ்சி பேசுனா திமிருன்னு ஆயிரும். இவன் பாட்டன் நம்ம வயலை எழுதி வாங்குனவன்னு நெனப்பு வரும்."

நாங்கள் வட்டிக்குக் கொடுத்த செட்டியார் இல்லை, வயலும் வாங்கவில்லை, மிளகு சீரகம் விற்றவர்கள். ஆனாலும் அத்தை சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. 1930களில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக வந்ததில், கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி வயல் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. 1930இல் கலவரம், 1938இல் கலவரம். 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கில் இந்தியர்கள் காட்டு வழியே நடந்து ஓடினார்கள். இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தவர்களில் ஒருவர்தான் தாத்தா. டூரிஸ்ட் என்று எழுதி ஒட்டிக்கொண்டு வந்தாலும், இங்கே நம் முகத்துக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். தன்னை யாரும் அறியாத ஊருக்குப் போகிறவன் பாடு சுலபம் என்று தோன்றியது.

மாலையில் கிளம்பினோம். அதே மாடியில் இன்னொரு வீட்டம்மா கதவில் நின்று பர்மியில் ஒன்று கேட்டார். சித்தப்பா நின்றார், திரும்பினார், அத்தை வீட்டுக்குள் போய் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் அதையே கேட்டார். இவர் மறுபடி மாடியேறினார். இரண்டாவது மாடியில் ஒரு குழந்தை கேட்டது.

"என்னதான் கேக்கறாங்க?"

"எங்க போறீங்கன்னு. கெளம்பும்போது இப்படிக் கேட்டா போற காரியம் வெளங்குமா?"

இங்கே அது வெறும் குசலம். பதில்கூட எதிர்பார்ப்பதில்லை, சும்மா அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினால் போதும். சித்தப்பாவுக்கு அது தெரியும். "எங்கம்மாவும் இப்படித்தான், தெரு முனைக்குப் போறதுக்குள்ள நாலு தடவை வீட்டுக்குத் திரும்பும்" என்றார். தெரிந்தும் கால் கேட்கவில்லை. மூட்டு வலிக்காரர் இன்றைக்கு ஏறிய படிகளைக் கணக்குப் பண்ணினால் ஷ்வேடகோன் பகோடாவுக்கே ஏறியிருக்கலாம்.

ஆனால் இரவு ஹோட்டல் அறையில் அவர் கோபம் வேறு. "அம்பது வருஷம் கழிச்சு வந்திருக்கேன். ராத்திரி தங்குடான்னு ஒரு வார்த்தை சொல்லுச்சா? இருட்டிருச்சு, ஹோட்டலுக்குக் கெளம்புங்கறா. ஒரு பாய் போட எடமில்லையா?" எனக்கும் அது உறுத்திற்று. விளக்கை அணைத்த பிறகும் புலம்பிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 8, வெள்ளி

எனக்கு வயிறு சரியில்லை. நாள் முழுக்க அறையில்.

அத்தை மகன் கஞ்சியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுவந்தார். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டே "நல்லா இருக்கியா" என்றதைப் பார்த்து அவரே விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டுக்காரரை அனுமதி இல்லாமல் வீட்டில் இரவு தங்கவைக்க முடியாது. அந்தக் காலத்தில் பக்கத்து ஊர் மாமனார் வந்து படுத்தாலும் வார்டு ஆபீசில் போய்ப் பதிய வேண்டுமாம். நடுராத்திரியில் கதவைத் தட்டித் தலையை எண்ணுவார்களாம். உள்ளூர்க்காரருக்கு 2016இல்தான் அந்தக் கெடுபிடி போயிற்று. "அம்மா ராத்திரி பூரா அழுதுச்சு மாமா. தங்கச் சொல்ல முடியலை, ஏன்னு ஒங்ககிட்டச் சொல்லவும் வெக்கம்."

சித்தப்பா கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டார். எனக்கு வந்த கஞ்சி அது.

இரவு பக்கத்து மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பிக்கு ஒருவர் ஓதிக்கொண்டிருக்கிறார். ஆடி மாதத்து வியாசர்பாடியில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் தாலாட்டு. 2016இல் மண்டலேயில் தூக்கம் கெட்ட ஒரு டச்சுக்காரர், செருப்புக் காலோடு மண்டபத்துக்குள் போய் ஆம்ப்ளிபயர் வயரைப் பிடுங்கினார். மூன்று மாதம் சிறை. சிலர் கெடுபிடி அதிகம் என்பார்கள். நம் ஊர்க் கூழ் ஊற்றும் திருவிழாவில் யாராவது அப்படிப் பிடுங்கியிருந்தால் கேஸ் கோர்ட் வரைக்கும் போயிருக்காது என்பது என் எண்ணம்.

பிப்ரவரி 9, சனி

ஷ்வேடகோன். ஏறக்குறைய 99 மீட்டர் உயரத் தங்கம், சனிக்கிழமைக் கூட்டம், வெயில்.

படிக்கட்டிலேயே முதல் தகராறு. சர்க்கரைக் காலுக்காகச் சித்தப்பா போட்டிருந்த காலுறையைக் காவலர் காட்டினார். செருப்பு மட்டும் போதாது, காலுறையும் ஆகாது. இந்த விஷயத்தில் இங்கே விளையாட முடியாது. வெள்ளைக்காரர்கள் பூட்ஸோடு மேலே ஏறியதை எதிர்த்துப் பெரிய கிளர்ச்சியே நடந்து, கடைசியில் 1919இல்தான் அந்தந்த விகாரையின் தலைவரே உடை விதியை முடிவு செய்யலாம் என்று அரசு இறங்கிவந்தது. காலுறையைக் கழற்றிப் பையில் போட்டோம்.

அடுத்தது டிக்கெட். உள்ளூர்க்காரருக்கு இலவசம், வெளிநாட்டவருக்கு 10,000 கியாட், நம் பணத்தில் ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. கைலி கட்டி, முன்பக்கம் முடிச்சுப் போட்டு, இந்த முகத்தோடு வந்த சித்தப்பாவை யாரும் நிறுத்தவில்லை. சுடிதாரும் கேமராவுமாக வந்த என்னை நிறுத்தினார்கள். அவர் பேசாமல் போயிருக்கலாம். திரும்பி வந்து, எனக்காகப் பரிந்து பேசினார். பேரன் கற்றுக்கொடுத்த மரியாதைச் சொற்களைத் தேடித் தேடிப் போட்டுப் பேசினார். உச்சரிப்பைக் கேட்டதும் கவுன்ட்டர் அம்மா இவரிடமே அடையாள அட்டையைக் கேட்டார்.

"நான் இங்க பொறந்தவன்" என்று தமிழில் சொன்னார். அப்புறம் பர்மியில். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்தார். 1965இல் கப்பலுக்குக் கொடுத்த பயணச் சீட்டின் நகல், ஓரத்தில் மொட்டைத் தலையோடு ஒரு பையனின் படம். இதை எடுத்து வந்திருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. அந்த அம்மா அதை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பக்கத்தில் இருந்தவரும் படித்தார். பிறகு வலது கையில் காகிதத்தைப் பிடித்து, இடது கையால் தன் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, குனிந்து நீட்டினார். பெரியவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள்.

நீட்டிவிட்டு, இரண்டு டிக்கெட் கிழித்தார்.

சட்டையில் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர் தந்தார்கள். சித்தப்பா தோளில் கிடந்த துண்டை இழுத்து அதை மூடிக்கொண்டார். மேலே போகும் வரைக்கும் பேசவில்லை.

மேலே போனதும் தேறிவிட்டார். இங்கே பிறந்த கிழமைதான் எல்லாம். கிழமைக்கு ஒரு திசை, ஒரு மிருகம், ஒரு புத்தர் சிலை. அவரவர் கிழமைச் சிலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் புதன். "புதன்னா யானை, தெற்கு மூலை, எனக்குத் தெரியும்" என்று கூட்டிப்போனார். நான் கோப்பையால் மொண்டு ஊற்ற ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த பாட்டி காலையா மாலையா என்று சைகையில் கேட்டாள். நான் பிறந்தது சாயங்காலம். பாட்டி என் கோப்பையைப் பிடுங்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிரகாரத்தின் வடமேற்கு மூலைக்குப் போனாள். அங்கே தந்தம் இல்லாத யானை. புதன் சாயங்காலம் ராகுவுக்கு உரியதாம். அன்றாடம் ஒன்றரை மணி நேரம் வந்து போகிற ராகுவுக்கே கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்தவள் நான். இங்கே அவர் என் பிறந்தநாள் தெய்வம். தலைவலியோடு போய்த் தண்ணீர் ஊற்றினேன். பாட்டி திருப்தியாகத் தலையாட்டினாள்.

அதற்குள் சித்தப்பா வேறொரு சிக்கலில் இருந்தார். தங்கக் குடை, ஜரிகை உடை, உதட்டுச் சாயம், கிரீடம் என்று எட்டு ஒன்பது வயதுப் பையன்களை ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். "இந்த வயசுல கல்யாணமா?" என்று பக்கத்தில் நின்ற மலையாளி டூரிஸ்ட் ஒருவர் என்னிடம் கேட்டார். பையன்கள் சாமணேரராகத் துறவு ஏற்கும் விழா. ராஜகுமாரனாக அலங்கரித்துப் பிறகு மொட்டை அடிப்பார்கள். சித்தப்பாவுக்கு விழா தெரிந்திருந்தது, ஆனால் பாசம் முந்திக்கொண்டது. ஒரு பையனின் தலையில் கைவைத்து "நல்லாயிருடா ராஜா" என்றுவிட்டார். பையனின் அப்பா சட்டென்று இரண்டடி முன்னால் வந்தார். தலையை அந்நியர் தொடுவது இங்கே ஆகாது, அதுவும் துறவுக்குப் போகிற பிள்ளையின் தலையை. பெற்ற தாயே நாளைக்கு அவன் காலில் விழுந்து கும்பிடுவாள். கூட்டத்திலிருந்த கிழவி ஒருத்தி சித்தப்பாவின் கையை மெதுவாகப் பற்றி, இரண்டையும் சேர்த்து வணங்கும் நிலைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டாள். இவர் அப்படியே நின்று பையனைக் கும்பிட்டார். அப்பா சிரித்துவிட்டார். அந்தக் கிழவிக்கு ஒரு கோயில் கட்டலாம்.

பிப்ரவரி 10, ஞாயிறு

பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அத்தை இன்னமும் பழைய பெயரில் சிரியம் என்றே சொல்கிற தன்லின் ஊர் வழியாக, பீலிக்கான் முனீஸ்வரர் கோயில். அங்காள பரமேஸ்வரியும் உண்டு. கும்பிட வந்தவர்களில் கன்னத்தில் தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசிய பர்மியக் குடும்பங்கள் நிறைய. புது டாக்ஸி ஒன்று எலுமிச்சம்பழத்துக்குக் காத்து நின்றது.

அர்ச்சனைச் சீட்டில் எங்களுக்கு முன்னால் நின்ற பர்மியப் பெண் பெயரும் கிழமையும் சொன்னாள். பூசாரி கிழமையையே சொல்லி அர்ச்சனை செய்தார். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "நட்சத்திரம், கோத்திரம் இல்லாம என்ன அர்ச்சனை?"

"அவங்களுக்குக் கிழமைதான் ஐயா தெரியும். முனியாண்டி கண்டுபிடிச்சுக்குவாரு" என்றார் பூசாரி. "ஒங்களுக்கு?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, நட்சத்திரம், கிழமை இரண்டையும் சொன்னார்.

பிப்ரவரி 11, திங்கள்

போஜோ ஆங் சான் மார்க்கெட்டுக்குப் போனோம். திங்கட்கிழமை விடுமுறையாம். சித்தப்பா காலத்தில் அதன் பெயர் ஸ்காட் மார்க்கெட், திங்கட்கிழமை திறந்திருந்ததாகச் சத்தியம் செய்கிறார்.

வழியில் அத்தோ சாப்பிட ஆசைப்பட்டேன். பீச் ஸ்டேஷன் பக்கம் எங்களுக்கெல்லாம் அத்தோ என்றால் பிசைந்த நூடுல்ஸ், அது ஒன்றுதான். இங்கே எந்த அத்தோ என்று கேட்கிறார்கள். இஞ்சி, தக்காளி, சமூசா, தேயிலை, எதைப் பிசைந்தாலும் அத்தோ. தேயிலை வாங்கினேன். பூண்டும் வேர்க்கடலையுமாக நன்றாகவே இருந்தது, வயிறு என்ன சொல்கிறதென்று ராத்திரி தெரியும்.

நாளைக்கு யூனியன் தின விடுமுறை. மண்டலே போகும் ராத்திரி பஸ்ஸில் முண்டியடிக்கிற கூட்டம். அத்தை வரவில்லை, அவர் மகனும் பேரனும் வந்தார்கள். பொட்டலத்தில் புளிச்சோறும், பாலிதீன் மூன்று சுற்றுச் சுற்றிய ஙாப்பியும். புடவையைக் கட்டிப் பார்த்துவிட்டு அத்தை படம் அனுப்பியிருந்தார். அரக்கு அவருக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. சித்தப்பா அந்தப் படத்தைப் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத மூன்று பேருக்குக் காட்டினார்.

சீட்டு எண்கள் பர்மிய எண்களில். சித்தப்பா ஒரு நொடியில் படித்துவிட்டார், சரியாகவும் படித்தார். முன்வரிசையில் எங்கள் இடத்தில் ஒரு பிக்கு உட்கார்ந்திருந்தார். பிக்கு முன்னால்தான் உட்கார வேண்டும், அவருக்குப் பக்கத்தில் பெண் உட்காரக்கூடாது. கண்டக்டர், பேரன், முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆலோசித்தார்கள். சித்தப்பா மிகுந்த மரியாதையோடு, ஒவ்வொரு சொல்லாக யோசித்து, பிக்குவிடம் ஏதோ சொன்னார். பிக்கு தலையசைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

அவருக்கு முன்சீட்டு. எனக்குக் கடைசி வரிசை, ஜன்னலோரம். ஏசி நடுக்குகிறது, போர்வை அவருடைய பையில் இருக்கிறது. ஒன்பது மணி நேரப் பயணம். புளிச்சோறும் அவரிடம்தான்.